பதினொரு நாளில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பது

என் தங்கையின் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்தபோது எதையும் முன்கூட்டிப் பார்த்துவிட்டு வரவில்லை. நீலசந்திராவில் நண்பர்கள் நான்கு பேர் தங்கியிருந்த அறையில் ஐந்தாவது பாய் விரிக்க இடம் இருந்தது. அவர் ஊரைத் தேர்ந்தெடுத்த முறை அவ்வளவுதான். அதே மனிதர் சென்ற செப்டம்பரில் காக்ஸ் டவுனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் எந்த ஊரில் குடியேறுவது என்று முடிவுசெய்யும் முன் நேரில் பார்த்துவரப் பதினொரு நாள் திட்டம் தயார் என்றார். பயணம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. 'ஸ்கௌட்டிங்' என்றார். அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் அப்படிச் செய்துவிட்டு வந்திருந்தன.

"இந்த ஊரு முடிஞ்சிடுச்சு மச்சான்" என்று ஆரம்பித்தார். தண்ணீர் லாரி, ஓசூர் சாலை நெரிசல், மழை பெய்தால் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும் தண்ணீர் என்று பட்டியல் நீண்டது. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அடுக்குமாடி ஏரிக்கரையில் கட்டப்பட்டது என்பது அதை வாங்கும்போதே அவருக்குத் தெரியும். ஏரி தெரியும் வீடு என்றுதான் விரும்பி வாங்கினார்.

எக்செல் தாளில் இரண்டு ஊர்கள். ஒன்று நெதர்லாந்தில், மற்றது ஜெர்மனியில். இடப்பக்கம் அளவுகோல்கள்: காற்று, குடிநீர், சைக்கிள் பாதை, இந்திய மளிகைக் கடை எத்தனை நிமிட நடை, தமிழ்ச் சங்கம் உண்டா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். நான் முப்பது ஆண்டு செய்தித்தாள் மேசையில் பிறர் எழுதியதைத் திருத்தியவன். அந்த வேலையில், எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத்தான் முதலில் தேடுவோம். ஆனால் இந்தத் தாளில் விடுபட்டதைவிட நிரப்பியிருந்ததுதான் கண்ணை உறுத்தியது. எல்லாக் கட்டங்களிலும் மதிப்பெண் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நெதர்லாந்து ஊர் ஆறு மதிப்பெண் முன்னணியில் இருந்தது. எப்படி என்று கேட்டேன். யூடியூபில் பார்த்துப் போட்டதாம். நேரில் போய் 'கன்ஃபர்ம்' செய்வதுதான் பாக்கி.

கடைசி வரிசையில் என் தங்கை இருந்தாள். 'மனைவி: வேலை செய்ய அனுமதி' என்ற தலைப்பின் எதிரே 'உண்டு' என்று எழுதியிருந்தது. பத்துக்குப் பத்து.

என் தங்கைக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. காக்ஸ் டவுனில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சிறிய பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. தினமும் ஓசூர் சாலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவாள். அந்த டிசம்பரோடு தலைமை ஆசிரியை ஓய்வுபெறவிருந்தார். அந்த இடத்துக்கு வரும்படி பள்ளி நிர்வாகம் ஆகஸ்டிலேயே அவளைக் கேட்டிருந்தது. ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பயணம் முடிந்த பிறகு சொல்கிறேன் என்று அவகாசம் கேட்டு வாங்கியிருந்தாள். அங்கே தனக்கு உண்மையில் என்ன வேலை கிடைக்கும், வகுப்பறைக்குள் கால் வைக்க முடியுமா என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைத்தாள். அந்தப் பதினொரு நாட்களை நம்பிக் காரியமாக எதையாவது தள்ளிவைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

தேதிகளைப் பார்த்தேன். டிசம்பர் இருபத்திரண்டு முதல் ஜனவரி ஒன்று வரை.

இந்தத் தேதிகளுக்குப் பின்னால் ஒரு பெங்களூர் வழக்கம் இருக்கிறது. அவர் நிறுவனம் வேலை செய்து கொடுப்பது அதே நெதர்லாந்தில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு. கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த வாடிக்கையாளர் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்கு 'கிளையன்ட் ஷட்டவுன்' என்று பெயர். அங்கே கேள்வி கேட்க ஆள் இல்லாததால் இங்கே பதில் சொல்லவும் ஆள் தேவையில்லை. ஆண்டு முழுக்க எடுக்க முடியாத விடுப்பையெல்லாம், காலாவதியாகும் முன், அந்த ஒரு வாரத்தில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். ஆக, அந்த நாட்டில் ஒருவரும் வேலையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைக்கும் விடுப்பில், அந்த நாட்டில் வேலையும் வாழ்க்கையும் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிளம்புகிறார்கள். மூன்று குடும்பங்களும் அதே வாரத்தில்தான் போயிருந்தன. மூன்றும் திரும்பி வந்து, ஊர் ரொம்ப அமைதி என்றன. கடை பூட்டியிருந்தால் அமைதியாகத்தான் இருக்கும்.

"அந்த வாரம் அங்க யாரும் இல்லன்னுதான மாப்ள உங்களுக்கே லீவு?" என்றேன்.

"ஆளு இல்லன்னா என்ன மச்சான், ஊரு அங்கயேதான இருக்கும்?"

அவர் கேலிக்காகச் சொல்லவில்லை. வீட்டுத் தரகர்கள் இருக்க மாட்டார்கள், நகராட்சி அலுவலகம் திறக்காது, மருத்துவரிடம் பதிவுசெய்து பார்க்க முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டினார். பண்டிகை என்றுகூட அவர் யோசித்ததாகத் தெரியவில்லை, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எங்கள் குடும்பம் முழுக்க ஒரே வரிசையில் உட்காரும் வழக்கம் இருந்தும். பதினொரு நாளில் ஏழு நாள் பழைய அலுவலக நண்பர்களின் வீடுகளில் தங்குவதாக இருந்தது. அவர்கள் பொம்மசந்திரா அலுவலகத்தில் இவரோடு தேநீர் குடித்தவர்கள். அங்கே போயும் இவர்கள் அதே ஆட்களோடு, அதே சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு, பெங்களூர் எப்படிக் கெட்டுவிட்டது என்று பேசப்போகிறார்கள். இதற்கு விசா வேண்டும்.

 அன்று கூட வந்திருந்த என் தங்கை வீட்டுக்குப் போய் வேறு ஒரு வேலை செய்தாள். இரண்டு ஊர்களிலும் ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பள்ளிகளைத் தேடி, நான்கு பள்ளிகளுக்குக் கடிதம் எழுதினாள். வேலை கேட்கவில்லை. ஒரே ஒரு பாடவேளை, கணக்கு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டாள். அந்தக் கடிதத்தை அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். ஐந்து வரி. நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. அந்தத் திட்டத்தில் ஊரைப் பார்ப்பதற்காக ஒருவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

மூன்று பள்ளிகள் பதில் போடவில்லை. ஒன்று போட்டது. தாராளமாக வரலாம், மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட நாட்களில் பள்ளிக்கு விடுமுறை, நவம்பரிலோ ஜனவரி நடுவிலோ வர முடியுமா என்று கேட்டிருந்தது. அவள் அதைக் கணவரிடம் காட்டினாள். நவம்பரில் அவருக்கு மென்பொருள் வெளியீடு. ஜனவரியில் வாடிக்கையாளர் திரும்பி வந்துவிடுவார். கணவர் சொன்ன பதிலை அவள் மறுநாள் என்னிடம் தொலைபேசியில் அப்படியே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு பையன் தவறாகப் போட்ட கணக்கை வாசித்துக் காட்டுவதுபோல் இருந்தது.

"அதனால என்ன, ஸ்கூல வெளியேந்து பாத்துக்கலாம்னு சொல்றாருண்ணா. கேட்டப் பாத்தாலே தெரிஞ்சிடுமாம், எப்படிப்பட்ட ஸ்கூல்னு."

விசாவுக்கான ஆவணங்களின் பட்டியலை அடுக்குமாடி வாட்ஸாப் குழு அவருக்கு அனுப்பியிருந்தது. அதில் மனைவி வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு சான்றிதழும் வேண்டும்: இன்ன பணியில் இருக்கிறார், விடுமுறை முடிந்து இன்ன தேதியில் திரும்பப் பணிக்கு வருவார் என்று. அக்டோபரில் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு அதை வாங்க அவள் போனாள். என்னையும் கூட வரச்சொன்னாள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் எங்கள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். என் தங்கையை ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து தெரியும் என்பதால் ஒருமையில்தான் பேசுவார். மேசைமேல் இரண்டு தாள்கள் தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் தனியாக இன்னொன்று.

"நோடும்மா, ரெண்டு லெட்டர் போட்டு வெச்சிருக்கேன். இதுல நீ மேத்ஸ் டீச்சர், ஜனவரில டூட்டிக்குத் திரும்பி வர்ற. இதுல ஜனவரில ஹெச்.எம்.மா சார்ஜ் எடுக்கிற. எது வேணுமோ எடுத்துக்கோ. ரெண்டாவதுல நான் கையெழுத்துப் போடணும்னா, மொதல்ல இந்தச் சம்மதக் கடிதத்துல நீ போடணும்."

பொய்ச் சான்றிதழ் அவர் தரமாட்டார். அதை அவர் கொள்கையாகச் சொல்லவில்லை. ரயில்வேயில் அப்படிப் பழகிவிட்டது. அவகாசம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள், ஊரைப் பார்த்துவிட்டு வந்தும் சொல்லலாம், முதல் கடிதமே விசாவுக்குப் போதும் என்று அவரே சொன்னார்.

என் தங்கை இரண்டையும் படித்தாள். எனக்குத் தெரிந்து இரண்டு முறை படித்தாள். பிறகு அவள் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல.

"ஹெச்.எம். ஆனாலும் எட்டாங் க்ளாஸ் மேத்ஸ நான்தான் எடுப்பேன்."

"எடுத்துக்கோ. யாரு வேணாம்னா?"

கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டு முத்திரை வைத்தார். வெளியே வந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்றாள். பின்னால் சாட்சி தேவைப்படும் என்று அவள் என்னை அழைத்து வரவில்லை. தான் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காக அழைத்து வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். விசா விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தர வேண்டும். "பேப்பர்காரர் எழுதுனா எம்பசில மறு பேச்சு இருக்காது" என்றார் அவர். எழுத உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்பதும், குடியேற்றம் என்ற வாடைகூட வரக்கூடாது என்பதும் நிபந்தனைகள். போய்ப் பார்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, அதை மறைக்க வேண்டியதும் இல்லை என்றேன். குழுவில் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

அப்புறம் அவர் பெங்களூரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இங்கே எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, இனிய ஏரிக்கரை. நிலையான வேலை இருக்கிறது. திருப்பத்தூரில் வயதான பெற்றோர் என் கவனிப்பையே நம்பி இருக்கிறார்கள். அவர்களைவிட்டு நெடுநாள் பிரிந்திருக்க முடியாது. பொங்கலுக்குப் பிறகு அவர் திருப்பத்தூருக்குப் போகவில்லை. தண்ணீர் லாரி வராத, நெரிசல் இல்லாத, திரும்பி வந்தே தீரவேண்டிய ஒரு நகரம் என் மேசையில் உருவானது. இருபத்திரண்டு ஆண்டில் அவர் வாயிலிருந்து இந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல சொல் வர ஒரு வெளிநாட்டுத் தூதரகம் தேவைப்பட்டது. வேலை தெரிந்தவன் என்ற முறையில் நான் அதை நன்றாகவே எழுதினேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

எழுதி முடித்ததும் ஆவணங்களைப் பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாகச் செருகினார். மனைவியின் சான்றிதழுக்கு வந்ததும் நின்றார். அதுவரை அவர் அதைப் படித்திருக்கவில்லை.

"சக்கத் டாக்குமென்ட் மச்சான் இது, சூப்பரு. ஹெச்.எம்.மா சார்ஜ் எடுக்கப்போறாங்கன்னே போட்டிருக்காரு. இத விட என்ன ப்ரூஃப் வேணும், திரும்பி வருவோம்னு?" அவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்க கரஸ்பாண்டென்ட்டு நமக்காக இவ்ளோ எறங்கி எழுதுவாருன்னு நெனைக்கல. ஆனா போன் பண்ணி வெரிஃபை பண்ணா மாட்டிக்க மாட்டோமா?"

"மாட்ட மாட்டோம்" என்றாள் என் தங்கை. "அது நெஜம். கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் தாளை மறுபடி படித்தார். பிறகு அவளை.

"அங்க போய்ப் பாத்துட்டு முடிவு பண்லாம்னுதான பேசினோம்?"

"பூட்டின கேட்டப் பாத்து முடிவு பண்ண என்னால முடியாதுங்க. தெறந்திருக்கிற ஸ்கூல் ஒண்ணு இருக்கு. அதுல சொல்லிட்டேன்."

"அப்ப டிக்கெட்டு?"

"போலாம். கிறிஸ்துமஸ் லைட்டெல்லாம் நல்லா இருக்குமாம்."

அவர் சற்று நேரம் உறையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்துகிற ஆள் இல்லை. திட்டத்தில் ஒரு வரிசை மாறினால் அடுத்த வரிசையைப் பார்க்கிற ஆள். அதனால் அவளைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"மச்சான், இப்ப லெட்டர்ல என்ன மாத்தணும்?"

நான் கடிதத்தை எடுத்து, பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். சுற்றிப்பார்க்க மட்டுமே போகிறோம் என்று எழுதியிருந்தது. மனைவிக்கு ஜனவரியில் திரும்பிச் சேர வேண்டிய பள்ளிப் பணி இருக்கிறது, குறித்த தேதியில் திரும்பிவிடுவோம் என்று இருந்தது. பேனாவை மூடினேன். ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லி, கையெழுத்துப் போடும்படி அவரிடமே தாளைத் திருப்பி வைத்தேன்.