மூங்கில் வெட்டப் போன அன்று

அன்று விடிந்தபோது கொழுந்தன் வீட்டில் இல்லை. எங்கே போயிருப்பான் என்று எங்களுக்குத் தெரியும். ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்து ஊர்கள் ஆந்திராவில் இருக்க வேண்டுமா, மெட்ராஸோடு சேர வேண்டுமா என்று தகராறு நடந்துகொண்டிருந்தது. புத்தூர் ரோட்டில் அன்று மறியல். மெட்ராஸோடு சேர வேண்டும் என்று கேட்டவர்களோடு அவனும் போயிருந்தான்.

என் வீட்டுக்காரர் வெட்டுக்கத்தியை எடுத்து இடுப்பில் செருகினார், கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வா" என்றார்.

நாங்கள் துந்தினா என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியம் செய்து பிழைத்தவர்கள். மரத்தைக் குடைந்து ஒரு சின்னக் குடம், அதன் அடியில் ஆட்டுத்தோல், பக்கத்தில் மூங்கில் தண்டு, தோலின் நடுவிலிருந்து தண்டின் நுனி வரைக்கும் ஒரே தந்தி. கதை பாடுகிறவர்களும் பெருமாள் பாட்டுப் பாடித் திருமலைக்கு நடந்து போகிற தாசரிகளும் வாங்குவார்கள். நகரி மலையடியில் எங்கள் ஊரில் இன்னும் சில வீடுகளிலும் இந்த வேலை இருந்தது. எங்கள் வீட்டில் மரமும் மூங்கிலும் அவருடைய வேலை, தோல் கட்டுவது கொழுந்தன். ஆட்டுக்குடலைக் கழுவி, கொழுப்பைச் சுரண்டி, முறுக்கி, தந்தியாகக் காய வைப்பது நான். சந்திரகிரியில் ஒரு பாட்டுக் கூட்டம் புரட்டாசிக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தது. குடங்கள் தயாராக இருந்தன. தண்டுக்கு முற்றின மூங்கில் இல்லை.

முற்றின மூங்கில் புதரின் நடுவில்தான் நிற்கும், சுற்றிலும் முள். ஒருவர் அடியில் வெட்ட, இன்னொருவர் கயிறு கட்டி வெளியே இழுக்க வேண்டும். இழுப்பது எப்போதும் கொழுந்தன். அன்று கயிறு என் கையில் இருந்தது. நான் இழுத்துப் பிடித்தேன், அவர் வெட்டினார். மூங்கில் சாய்ந்து என் பக்கம் வந்துவிட்டது. அதன் அடி அவர் பக்கம் எகிற, அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். காலடியில் இருந்த கல் உருண்டது. அவர் பின்னால் இருந்த ஓடைப் பள்ளத்துக்குள் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பைக் கிழித்து, வெட்டின மூங்கிலிலேயே ஒரு துண்டைப் பிளந்து அணை வைத்துக் கட்டினேன். மலையை விட்டு இறங்கும்வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் வேறு யோசனையே கிடையாது. புத்தூர் கட்டுதான். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடியானவர் கேட்டதுமே மாட்டு வண்டி பூட்டினார். ரோட்டைத் தொட்டதும் குறுக்கே புளியங்கட்டை கிடந்தது. அதன் மேலும் பக்கத்திலும் ஆட்கள். வண்டி எதுவும் போகாது என்றார்கள். வண்டிக்காரர் தெலுங்கில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் கூட்டத்தின் முகம் மாறியது. ஒருவன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். நான் வண்டியில் நின்றபடியே, இவருக்குக் கை முறிந்திருக்கிறது, புத்தூருக்குப் போகிறோம் என்று தமிழில் கத்தினேன். பின்னாலிருந்து, எல்லாரும் இப்படி ஒரு கதை சொல்கிறார்கள் என்று ஒரு குரல் வந்தது. எவனோ கல்லைப் பொறுக்கினான்.

அப்போதுதான் கொழுந்தனைப் பார்த்தேன். கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். அண்ணன் கையைப் பார்த்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, இது என் அண்ணன், வழி விடுங்கள் என்றான். யாரும் நகரவில்லை. ஒரு வண்டியை விட்டால் பத்து வண்டி வரும் என்று பெரியவர் ஒருவர் நிதானமாகச் சொன்னார். வேண்டுமானால் நடந்து போகட்டும், யாரும் தொட மாட்டார்கள் என்றார்.

கொழுந்தன் அண்ணனைத் தூக்க வண்டிப் பக்கம் கையை நீட்டினான்.

"தொடாதே," என்றார் என் வீட்டுக்காரர். "நீ வராததாலதான் இன்னிக்கு இவ கயிறு புடிச்சா. போ, உன் வேலயப் பாரு."

கொழுந்தன் நீட்டின கையை இழுத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் ஒரு கையை ஊன்றித் தானாகவே இறங்கினார். நான் வண்டிக்காரரைத் திரும்பிப் போய்விடச் சொன்னேன். அவர் மாடுகளைத் திருப்பி, கண்ணுக்கு மறையும்வரை எனக்கு உயிரில்லை.

நாங்கள் ரோட்டில் நடந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவருக்குக் கோபம் வரும் என்று பயம். வழியில் இன்னும் ஓரிடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கிட்டப் போகுமுன் பின்னாலிருந்து கொழுந்தன் ஓடிப்போய் அவர்களிடம் ஏதோ சொன்னான். வழி விட்டார்கள். அவன் மறுபடி எங்கள் பின்னால் போய்விட்டான்.

புத்தூரில் கட்டு போடும் இடத்தில் மறியலால் கூட்டம் குறைவு. கட்டுகிறவர் மணிக்கட்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். எலும்பை இழுத்துத்தான் உட்கார வைக்க வேண்டும், தோளை அசையாமல் பிடிக்க வலுவான ஆள் வேண்டும் என்றார். வாசலில் நின்றவனைக் காட்டி, இவன் யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"கொழுந்தன்," என்றேன் நான். "வா, புடி."

அவன் பின்னால் மண்டியிட்டு அண்ணனைச் சேர்த்து அணைத்துப் பிடித்தான். எலும்பு உள்ளே போன சத்தத்தை நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கத்தவில்லை, ஆனால் தலை பின்னால் சாய்ந்து தம்பியின் தோளில் விழுந்தது. பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். கட்டு முடியும்வரை அந்தத் தலை அங்கேயே இருந்தது.

அதனால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் தம்பியோடு பேசவே இல்லை. மலையில் விட்டுவந்த மூங்கிலைக் கொழுந்தன் தூக்கிவந்து வாசலில் போட்டான். அதை யார் சீவுவது? அவர் மூலையில் கட்டுக்கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்க, நானும் கொழுந்தனும் வேலையைத் தொடங்கினோம். நான் சீவின முதல் தண்டு இரண்டே நாளில் வளைந்தது. இரண்டாவதில், தந்தியை முறுக்கும் பிரடைக்குத் துளை போடும்போது நுனி பிளந்தது. நான் உளியை வீசிவிட்டு அழுதேன். புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது. சந்திரகிரி ஆட்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, முடியாதென்றால் வேறிடம் பார்க்கிறோம் என்று தெலுங்கில் சொல்லிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவர் எழுந்து வந்து, இடது கையால் மூங்கில்களைப் புரட்டி ஒன்றை எடுத்தார். என்னிடம் தரவில்லை. தம்பியின் முன்னால் போட்டார்.

"கணுவப் பாத்து துள போடு. கணுவுல போட்டா பிளக்காது."

கொழுந்தன் தலை நிமிராமல், "சரி நைனா" என்றான். அண்ணனை அவன் சின்ன வயசில் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவானாம். நான் அதற்கு முன் கேட்டதில்லை.

துந்தினாக்கள் சந்திரகிரிக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டுப் பிரித்த அன்று மணிக்கட்டு நேராக இருந்தது. ஆனால் விரல்களில் பழைய பிடி வரவில்லை. வெட்டுக்கத்தியைப் பிடிப்பார், சின்ன உளியைப் பிடிக்க முடியாது. நாளானால் சரியாகும் என்று நினைத்தோம், ஆகவில்லை. அதற்குப் பிறகு நுணுக்கமான வேலையெல்லாம் என்னுடையதாயிற்று. அவர் தந்தியைத் தட்டிக் கேட்டு, ஆகும், ஆகாது என்று மட்டும் சொல்வார்.

எல்லை ஒருவழியாக முடிவானபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். கொழுந்தன் திருத்தணியில் பெண் எடுத்து அங்கேயே குடிபோனான். புறப்பட்ட காலையில் அவர் காட்டுக்குப் போவதாகச் சொல்லி முன்னதாகவே கிளம்பிவிட்டார். நான் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவர் பஸ் நிற்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். தம்பியின் பெட்டியை வாங்கி, வலது கையாலேயே மேலே ஏற்றினார்.