முடிவிலிக்காகப் பாடிய ஸ்தோத்திரம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நாட்டில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்ட ஆண்டின் மழைக்காலத்தில், என் ஒரே மகள் எஸ்தர் தன் ஆராய்ச்சிப் படிப்பைக் கைவிடும் எண்ணத்தோடு ஒரு டிரங்குப் பெட்டியுடன் வீடு வந்து சேர்ந்தாள். அன்று தொடங்கிய துக்கத்தையும், அதிலிருந்து கர்த்தர் எங்களைத் தூக்கிவிட்ட விதத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். பள்ளியில் நான் கற்றது சொற்பம். மற்றதை வேதாகமத்திலிருந்தும், கடையில் பொட்டலம் கட்டித் தந்த தாள்களிலிருந்தும் தேடிக்கொண்டேன். என் நடையில் குறை இருப்பின் பொறுத்தருள்க.

அக்காலத்தில் குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எஸ்தரோ கீழே சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காகக் குவாண்டம் கோட்பாடு ஆராய்ந்து வந்தாள். அணுவினும் சிறிய துகள்களின் நடத்தையைத் தாளும் பென்சிலும் கொண்டே கணித்தறியும் கல்வி அது. கண்ணாடிக் குடுவை இல்லை, கருவி இல்லை. "எதைத்தான் பார்க்கிறாய், அம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "பாக்க முடியாதத்தான்ப்பா" என்றாள். விசுவாசத்தைப் பற்றியும் வேதத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அவளுக்கு வந்த இடர் இது. ஒரு துகள் தன்னாலேயே தன்மீது உண்டாக்கும் விளைவு எவ்வளவு என்று அவள் கணிக்க வேண்டியிருந்தது. விடை, அளந்து சொல்லக்கூடிய ஒரு சிறிய எண்ணாக வர வேண்டும். வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் முடிவிலி என்றே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் விடையோடு வராவிட்டால், அவளுடைய ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அவள் உண்ணவில்லை. அவள் தாய் வைத்த கஞ்சி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பாள். எங்களுக்கோ நெஞ்சு வெடித்தது.

வெள்ளிதோறும், தோட்டத்தாரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டு ஜெபம் உண்டு. அதில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தம் விண்ணப்பத்தை எல்லாரும் கேட்க வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பதில் கிடைத்ததும் சபை எழுந்து நின்று ஸ்தோத்திரப் பாட்டுப் பாடும். பாடியவுடன் அந்த விண்ணப்பம் முடிந்தது. பதில் பெற்ற வீட்டார் அனைவருக்கும் டீ கொடுக்க வேண்டும்.

என் முறை வந்தபோது, "மகளுக்கு ஒரு கணக்கு முடியல, ஐயா" என்று ஜெபத்தை நடத்தும் உபதேசியாரிடம் சொன்னேன்.

ஜீப் ஓட்டும் செல்லையா விடவில்லை. "என்ன அண்ணாச்சி, இம்புட்டு வருசம் படிச்ச பிள்ளைக்குக் கணக்கு வரலியா? எங்க சின்னவனுக்கும் ஒண்ணாப்புல அதே கோளாறுதான். ரெண்டு பேரையும் சேத்தே ஜெபிச்சிருவோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் முழங்காலிட்டார்கள். அடுத்தடுத்த வாரங்களிலும் ஜெபித்தார்கள். மாற்றம் ஒன்றுமில்லை. ஒருநாள் எஸ்தர் என்னிடம், "இதுக்கெல்லாம் ஜெபிக்காதீங்கப்பா. காய்ச்சலுக்கு ஜெபிக்கலாம், பிரசவத்துக்கு ஜெபிக்கலாம். கணக்குக்கு ஜெபம் கிடையாது" என்றாள். அந்தச் சொல் என்னை உடைத்தது. படிப்பு போனால் போகட்டும், என் பிள்ளையின் உள்ளத்தில் விளக்கு அணைகிறதே என்று ஸ்டோரின் அடுப்பருகே நின்று அழுதேன்.

அந்த வாரம் ஜெபம் எங்கள் வீட்டில். தகரக் கூரையில் மழை கொட்டிற்று. காய் எடுக்கும் பெண்களில் மூத்தவரான ஞானப்பூ அம்மாள், உள்ளறையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி எஸ்தரு! வாரா வாரம் முட்டி தேய ஜெபிக்கோம். விடை வந்துதா, வரலியா? வெளிய வந்து சொல்லிட்டுப் போ."

எஸ்தர் வாசலில் வந்து நின்றாள். "வந்துது பெரியம்மா."

"வந்துதா! என்ன வந்துது?"

"முடிவிலி."

"அப்படின்னா?"

"முடிவே இல்லாதது. எண்ணி எண்ணித் தீராதது. எந்த அளவுக்குள்ளயும் அடங்காதது." தனக்குத்தானே தண்டனை வாசிப்பவள்போல அவள் சொன்னாள்.

ஞானப்பூ அம்மாள் இரு கைகளையும் உயர்த்தினார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே! அணுவுக்குள்ள தேடிப் போன பிள்ளைக்கு, முடிவில்லாத உம்மையே காட்டிட்டீரே!"

சபை முழுவதும் எழுந்து நின்று பாடத் தொடங்கிற்று. "நிறுத்துங்க! அது தப்பான விடை!" என்று எஸ்தர் கத்தினாள். மழையிலும் பாட்டிலும் ஒருவர் காதிலும் விழவில்லை. செல்லையா கண்களை மூடி, ஒரு சரணம் முன்னே போய்க்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தேன். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றே நினைத்தேன். சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

பாட்டு ஓய்ந்தபின் அவள் உண்மையை எடுத்துச் சொன்னாள். ஞானப்பூ அம்மாள் கன்னத்தில் கை வைத்தார். "ஐயையோ, பாடிட்டோமே! இப்ப என்ன செய்ய?"

உபதேசியார் பாட்டுப் புத்தகத்தை மூடினார். "பாடுன ஸ்தோத்திரத்தத் திருப்பி வாங்குற வழக்கம் நம்ம சபையில இல்ல. விண்ணப்பம் முடிஞ்சுது. இனி அது ஆண்டவர் பொறுப்பு."

"அப்போ டீ?" என்றான் செல்லையா.

"கடன்ல கெடக்கட்டும்ல" என்றார் உபதேசியார்.

அன்று எஸ்தர் எங்களோடு உட்கார்ந்து உண்டாள். மறுநாள் காலை, ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் மேசையில் ஒரு மூலையைத் தனக்கு ஒதுக்கித் தரக் கேட்டாள். "அவங்க முடிவிலியப் பாத்துப் பயப்படலப்பா. எழும்பி நின்னு பாடுறாங்க. நான்தான் அதக் கண்டா ஓடுறேன்" என்றாள். அவள் கணக்கில் இன்னொரு பகுதியும் இருந்ததாம். அதுவும் முடிவிலியில்தான் கொண்டுபோய் விடும் என்று அஞ்சி, சிறிய பகுதிதானே என்று தனக்கே சமாதானம் சொல்லி, அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது அதையே எடுத்தாள்.

உலர்ந்த காயின் வாசனைக்கு நடுவே பல நாள் அவள் பென்சில் ஓடிற்று. ஒரு பிற்பகல், மழை வெறித்து மேற்கே சிறிது வெளிச்சம் கண்ட வேளையில், எழுந்து என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. 

"அப்பா, அதுவும் முடிவிலிதான். ஆனா எதிர்ப்பக்கம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டுது. ஒரே ஒரு எண் மிச்சம் நிக்கு."

"எவ்வளவு?"

அவள் மேசையிலிருந்து ஒரு காயை உடைத்து, உள்ளிருந்த கரிய விதை அரியொன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். "இதவிடச் சின்னது. ஆனா எழுதலாம். அளக்கலாம்."

நாங்கள் இருவரும் அந்த அரியையே பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லையற்றவை இரண்டு எதிரெதிரே நின்று ஒன்றையொன்று அடக்கி, நடுவில் இந்தச் சிறியதை நமக்கென விட்டுவைத்திருக்கின்றன. உலகம் உண்டானது முதல் அது அப்படியே இருந்திருக்கிறது.  செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தோன்றிற்று. கழற்றினேன்.

"அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"தெரியாது, அம்மா. தெரியாமத்தான் பாடினாங்க" என்றேன்.

பேராசிரியர் ஒவ்வொரு வரியையும் சோதித்து, சரி என்றார். எழுபதுகள் முடியுமுன் எஸ்தர் டாக்டர் பட்டம் பெற்றாள். எங்கள் ஜெபத்துக்காகக் கர்த்தர் கணக்கை மாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். ஓடிப்போனவளைத் திருப்பிக் கொண்டுவந்து, அவள் அஞ்சியதன் முன்னே நிறுத்தினார். அந்த உதவிக்கே நான் சாட்சி. அன்றுமுதல், எனக்கு விளங்காத காரியத்துக்கும் கூச்சமின்றி முழங்காலிடுகிறேன். அன்பானவர்களே, உங்கள் விண்ணப்பம் ஜெபத்துக்குரியதோ என்று ஐயம் கொள்ளாதீர்கள். நாலு பேர் நகைத்தாலும் சொல்லுங்கள்.

பட்டம் பெற்று வந்த வெள்ளியன்று எஸ்தர் சாட்சி சொல்ல எழுந்தாள். சபை பாட்டுக்கு ஆயத்தமாயிற்று. உபதேசியார் கையமர்த்தினார்.

"அதுக்குப் பாட்டு எப்பவோ பாடியாச்சு. டீ மட்டும்தான் பாக்கி."

எஸ்தரே அடுப்பு மூட்டினாள். முதல் கிளாசை ஞானப்பூ அம்மாளின் கையில் கொடுத்தாள்.

விண்ணப்பம் சொல்லத் தயங்கும் இன்னொருவர் வாசிக்கும்படி, இந்த எழுத்தைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.