இரண்டாவது விசில்

கூடாரத்தின் கயிற்றை இரண்டு விரலால் சுண்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று இருமுவார் சுவக்கீன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு தரம் சுண்டுவார், கொஞ்சம் பலமாக இருமுவார். "சார், மணி பதினொண்ணு ஆச்சு. காலி பண்ணணும்லா? அடுத்த ஆளு வாசல்ல வந்து நிக்காக." ஏலப்பாறையிலிருந்து மேலேறும் சாலையில், தேயிலைச் சரிவின் தலைமாட்டில் இருக்கிறது அந்த அரசாங்கக் கூடாரத் திடல். கூடாரம் அடிக்க மொத்தம் முப்பது மரத்தளங்கள். சுவக்கீனுக்கு ஐம்பத்தெட்டு வயசு, இடது முழங்காலில் தீராத வலி. ஆனாலும் முப்பதுக்கும் நடந்துபோய் இருமிவிட்டுத்தான் வருவார்.

இத்தனைக்கும் கழுத்தில் விசில் தொங்குகிறது. காவல்காரன் சீருடையோடு ஆபீஸ் கொடுத்த பிளாஸ்டிக் விசிலை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டு, எஸ்டேட்டில் தான் ஊதிய பித்தளை விசிலை மாட்டிக்கொண்ட மனிதர். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "ஏனுங்க, கழுத்துல விசில் இருக்குதுங்களே, ஒருவாட்டி ஊதுனா எல்லாரும் எந்திரிச்சிருவாங்கல்லங்க?"

"அது அடைச்சிக்கிடுச்சி சார். காத்து போகாது."

சுத்தப் பொய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் முன்னால் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். மனைவி செபமாலையம்மாள் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஊதாத விசிலுக்கு எதுக்கு இம்புட்டு மினுக்கு?" என்பார். இவர் இன்னொரு பிடி சாம்பலை அள்ளுவார்.

பதினெட்டு வருஷம் அந்த விசிலை ஊதியவர் அவர். காலை ஏழரைக்கு முதல் விசில் கேட்டதும் லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளிலிருந்து சனம் வந்து மைதானத்தில் வரிசை கட்டும். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், அவரவர் இடம் அவரவருக்கு. சூப்பர்வைசர் சுவக்கீன் பேர் வாசிப்பார், "இருக்கேன்" என்று பதில் வரும். இரண்டாவது விசில் ஊதினால்தான் கலைந்து மலைக்குப் போகலாம். மழை கொட்டட்டும், காலில் அட்டை ஏறட்டும், அதற்கு முன்னால் காலை நகர்த்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. எஸ்டேட்டை மூடிவிட்டு முதலாளி தன் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். சனம் மட்டும் ஓட்டை லயங்களிலேயே கிடந்தது. மைதானத்தை அரசாங்கம் எடுத்துக் கூடாரத் திடலாக்கியது. சுவக்கீனுக்கு அங்கே காவல் வேலையும் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒழுகாத அறையும் கிடைத்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, மறைப்பானேன்.

போன வருஷத்துக்கு முந்தின மழையில் மூன்றாம் லயத்தின் கூரை அப்படியே உட்கார்ந்தது. பூசை நேரம், எல்லோரும் கோயிலில் இருந்தார்கள், உயிர் தப்பியது. மறுநாள் இருபத்திரண்டு குடும்பங்கள் படுதாவும் சட்டிபானையுமாக மேலேறி வந்து திடலைப் பிடித்துக்கொண்டன. வீடு கொடுக்கிறவரை இறங்கமாட்டோம், இது சமரம், போராட்டம் என்றார்கள். முன்னால் நின்றவர் அன்னாள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கை, அதைவிட நீளமான வாய்.

"சுத்திப்பாக்க வாறவுகளுக்குக் கூடாரம் போட்டுக் குடுக்கிற கவருமெண்டுக்கு, மழையில நனையிறவ கண்ணுக்குத் தெரியலையாக்கும்?" என்றார். 

நாற்பது நாள். சுவக்கீன் பாடு திண்டாட்டம்தான். சாவியைத் தரக்கூடாது என்று ஆபீஸ் உத்தரவு. பூட்டைத் தொங்கவிட்டுக் கழிப்பறைக் கதவைத் திறந்தே வைத்தார். ஆனால் மரத்தளத்தில் யாராவது அடுப்பு மூட்டினால் மட்டும் அவருக்குத் தாங்காது. "பலகை கருகுதுக்கா! கீழ வச்சி எரிச்சா என்ன?" என்று கத்துவார். "பலகைக்கு அழுவுதியே தம்பி, எங்க கூரை விழுந்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா?" என்று அன்னாள் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் காலையில் அதே அன்னாள் பால் விடாத கட்டன்சாயாவை நீட்டுவார், இவர் வாங்கிக் குடிப்பார்.

திடலின் மேனேஜர் ஸ்ரீரஞ்சனி பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றதும் மாத்திரை வாங்கி வந்தவர். ஆனால் முன்பதிவெல்லாம் ரத்தாகி, மேலிடத்துப் போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கணக்கெடுக்க வந்தார். கோஷம்தான் எழுந்தது, ஒருத்தரும் கூடவில்லை. நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு மூன்றாம் தடவையாக வந்தார்.

"கேட்டேளா சுவக்கீன், எல்லாரையும் கீழே வண்டி நிறுத்தற எடத்துல நிக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொருத்தர் பேரும் எழுதி மேலே அனுப்பணும். நான் கூப்ட்டா வரமாட்டா. நீங்க கூப்ட்டா வருவா."

பேர் மேலே போனால் வீடு வரும். சுவக்கீன் அப்படித்தான் நினைத்தார். வளைவில் இரண்டு காலி லாரிகள் நின்றதைப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை. கீழே இறங்கி நின்று, பித்தளை விசிலை வாயில் வைத்து, அந்தக் காலத்து நீளத்துக்கு, மூச்சு முட்ட ஊதினார்.

வந்தார்கள்! எஸ்டேட் மூடி இருபது வருஷம் ஆகியும் வந்தார்கள். மாவுக் கையோடு ஒருத்தி, பாதி முகம் மழித்த கிழவர் ஒருவர், எல்லோருக்கும் முன்னால் அன்னாள். யாரும் சொல்லாமலே பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். ஸ்ரீரஞ்சனி பேர் கேட்டு எழுத எழுத, கேட்காத வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார்கள், "இருக்கேன்" என்று. சுவக்கீனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவை நினைத்தால்தான் இப்போது அவருக்கு உடம்பு கூசுகிறது.

மேலே திடலைப் பனிமஞ்சு மூடியிருந்தது. பட்டியல் பாதி ஓடியபோது, மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பானை உருண்டு வரும் சத்தம் கேட்டது. பிறகு படுதா கிழியும் சத்தம். வரிசை தலையைத் திருப்பியது, கால் நகரவில்லை. எல்லோரும் சுவக்கீன் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது விசிலை ஊத ஒரு மூச்சு போதும். ஊதியிருந்தால் ஓடிப்போய்த் தங்கள் கூடாரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பட்டியல் முடியட்டும், பாதியில் விட்டால் மீதிப் பேருக்கு வீடு போய்விடும் என்று நினைத்தார் அந்தப் பாவி மனுஷர். விசில் உதட்டிலேயே இருந்தது. அவர்களாகவே வரிசையை உடைத்து மேலே ஓடியபோது சாமான்கள் லாரியில் ஏறியிருந்தன, தளங்களைச் சுற்றிப் போலீஸ் நின்றது.

பட்டியல் மேலே போகத்தான் செய்தது, அத்துமீறிக் குடியேறியவர்கள் என்ற வழக்குக்கு. "என்கிட்டயும் மேலே இருக்கறவா முழுசாச் சொல்லலை சுவக்கீன்," என்று ஸ்ரீரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டார், இரண்டு மாதத்தில் மாற்றலாகிப் போனார். சுவக்கீனுக்கு மாற்றல் ஏது? அங்கேயேதான் இருக்கிறார். அந்தக் குடும்பங்களில் வாடகைக்குப் போனவர்களும் உண்டு, கம்பத்துப் பக்கம் இறங்கியவர்களும் உண்டு. வீடு ஒருத்தருக்கும் வரவில்லை.

அன்னாள் இப்போது ஏலக்காய்த் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிறார். காலை ஏழரைக்கு களையெடுக்கும் பெண்களை ஏற்றிய ஜீப் திடலின் வாசலைக் கடக்கும். போன மாதம் ஒருநாள் சரியாக வாசலுக்கு எதிரே பஞ்சராகி நின்றுவிட்டது. பெண்கள் இறங்கிக் கழிப்பறை கேட்டார்கள். வலிக்கிற முழங்காலோடு ஓடிப்போய்த் திறந்தார் சுவக்கீன். திரும்பி வந்த அன்னாள் அவர் எதிரில் நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பளபளவென்று தேய்த்த விசிலைத்தான் பார்த்தார்.

"ரெண்டாவது விசிலு நீ ஊதவே இல்லையே தம்பி. நாங்க இன்னும் அந்த வரிசையிலதான் நிக்கோம்."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் ஏழரைக்கு வளைவில் ஹாரன் கேட்டதும் சுவக்கீன் கையிலிருக்கும் துடைப்பத்தைக் கீழே போடுகிறார். வாசலோரமாக வந்து, காலைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, பேர் வாசிக்கக் காத்திருப்பவர் மாதிரி நிற்கிறார். ஜீப் அடுத்த வளைவைத் தாண்டுகிற வரைக்கும் காலை நகர்த்துவதில்லை.