ஐந்தாவது மாடியில் உட்காராத பெட்டி

1. மூன்று பின்

பெட்டி உட்காரவில்லை என்று வாக்கிடாக்கியில் கேட்டபோது மணி பதினொன்று பத்து.

நெம்மேலிக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையோரம் பதினான்கு மாடிக் குடியிருப்பு. சுவர், தரை, குழாய், டைல்ஸ் எல்லாவற்றோடும் வீடுகளைப் படாளம் யார்டில் இரும்புப் பெட்டிகளாகச் செய்து, டிரெய்லரில் கொண்டுவந்து, கிரேனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மாட்யூலர் முறை. வீட்டுக்கு இரண்டு பெட்டி, மாடிக்கு நான்கு வீடு. முப்பத்தாறு வருடம் கான்கிரீட் வேலைகளில் அளவு பார்த்து ஓய்வுபெற்ற நான், இங்கே ஒப்பந்தத்தில் அளவு சரிபார்ப்பவன். முப்பத்திரண்டு பெட்டிகள் ஏறிவிட்டன. இது முப்பத்துமூன்றாவது.

கீழ்ப்பெட்டியின் நான்கு மூலையிலும் 'பின்' என்கிற இரும்பு முளை நிற்கும். மேல்பெட்டி அவற்றில் இறங்க வேண்டும்.

"சார், மூணு பின்னு எறங்கிச்சு. நாலாவது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது," என்றார் யார்டு ஃபோர்மேன் சாலமன்.

சாலமனின் அப்பா படாளத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். சாலமன் வெல்டிங் கற்று, சொந்த ஊரிலேயே முப்பத்தெட்டுப் பேரை வைத்து வேலை வாங்குபவர். கட்டடம் கடைசி மாடிவரை பெட்டியாலேயே முடிந்தால் யார்டுக்கு அடுத்த வேலை உண்டு. இல்லையென்றால் யார்டே இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியைக் கீழே இறக்கி, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே வித்தியாசம் பத்தொன்பது மில்லிமீட்டர். ஐந்துக்கு மேல் கூடாது. யார்டில் நான் கையெழுத்திட்ட தாளில் இரண்டு என்று இருந்தது.

"இன்னா சாலமன் அண்ணாத்த, திருக்கழுக்குன்றம் வளைவுல பெட்டி கொட்டாவி வுட்டுகினு வந்துச்சா?" என்றார் கிரேன் ஆபரேட்டர்.

2. செவ்வாய்க்கிழமை வைத்த நிலை

கிரேன், கடல்காற்று, சாலை வளைவு, அனுமதிப் படிவம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தோம். வாசல் நிலைக்கு வைத்திருக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஐந்தாம் மாடியில் வீடு வாங்கிய தம்பதி யார்டைப் பார்க்க வந்தார்கள். கணவர் அணு ஆராய்ச்சியில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் அளவுத் தாள்களை நெடுநேரம் ரசித்துப் படித்தார். அந்த அம்மாள் நேராக வாசலுக்குப் போனார்.

"இந்த நிலைய எப்ப வச்சீங்க?"

"போன செவ்வாக்கெழம வெல்டு பண்ணோம்மா," என்றார் சாலமன்.

"செவ்வாய்க்கிழமையா? நிலை வைக்கும்போது நாங்க கூட நிக்கணுங்க. மஞ்சள் குங்குமம் வச்சு, அடியில நவதானியம் போட்டு, வீடு நிக்கிற எடத்துலதான் வைக்கணும். நீங்க படாளத்துலயே வச்சு அனுப்புனா எப்படி?"

கணவர் தாளை மடித்துக்கொண்டே, "டாலரன்ஸ், எத்தன மில்லிமீட்டர் தள்ளலாம்ங்கிறது, எனக்குப் புரியுது சார். அவ சொல்றதும் புரியுது," என்றார்.

இன்னும் பெட்டி ஏறாத நாற்பது வீட்டுக்காரர்களில் முப்பத்தொரு பேர் அதையே கேட்டார்கள். ப்ராஜெக்ட் மேனேஜர் பாஸ்கர், ஐந்தாம் மாடியிலிருந்து இரும்பு நிலையை வெட்டி எடுத்துவிட்டு, வாசலை வெறுமனே அனுப்பச் சொன்னார். நல்ல நாள் பார்த்து சைட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

3. நாற்பத்தாறு வரிகள்

வாசல் பெட்டியின் மூலையை ஒட்டி இருக்கிறது. அந்த நிலைதான் மூலையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை வெட்டியதும் பெட்டி தளர்ந்து, டிரெய்லரில் எழுபத்திரண்டு வேகத்தடைகள் ஏறி இறங்கியதில் சாய்ந்துவிட்டது. நான் அளந்தது வெட்டுவதற்கு முன். வெட்டிய பிறகு அளக்கவில்லை. என் செக்லிஸ்டில் நாற்பத்தாறு வரிகள். அப்படி ஒரு வரி அதில் இல்லை, நானும் சேர்க்கவில்லை.

பாஸ்கர், "ஃபேப்ரிகேஷன் எர்ரர், யார்டு தப்புன்னு போட்டுக்கலாம் சார். எல்லாருக்கும் ஈஸி," என்றார். எல்லாருக்கும் என்றால் சாலமனைத் தவிர. முடியாது என்று சொல்லி, தவறு என்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

குடியிருப்பைக் கட்டும் கம்பெனி முதலாளி அதைப் படித்தார். "தப்பு யாருதுன்னு நான் கேக்கல சார். பத்து மாடி பாக்கி கீது. கான்கிரீட்டு போட்டா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

அன்று மாலை சாலமன் சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். "வெளிய ஸ்டீலு நிலை, அது லாரிக்கு. அதுக்குள்ள மர நிலை, அது அந்தம்மாவுக்கு. வாசல்ல நாலு இஞ்சு கூட வுட்டிருந்தா போதும் சார்."

"இத ஏன்யா அப்பவே சொல்லல?"

"யாரு சார் கேட்டாங்க?"

ஐந்தாம் மாடியிலிருந்து கான்கிரீட்தான். யார்டில் இப்போது ஆறு பேர், கடைகளுக்கு ஷட்டர் செய்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சொல்வேன். பெட்டியில் எதை வெட்டினாலும் அது புதுப் பெட்டி, மறுபடி அளக்க வேண்டும். அதற்கும் முன்னால், வரைபடத்தில் முதல் கோடு போடும் நாளில், அந்த வாசலில் நிற்கப்போகிறவரையும் அதைப் பற்றவைக்கப்போகிறவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். எங்களுக்கு அரை நாள் போதுமானதாக இருந்திருக்கும்.