நான் பொறு என்றேன்

பிரிஞ்சாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு ஒரு ‘திரிமா காசே’ சொல்லாமல் நான் இறங்கியதில்லை. மலாயில் அது நன்றி. கியா பார்மில் சீனத்து அம்மாவிடம் ஒரு முட்டைக்கோஸ் வாங்கினாலும் சொல்வேன். சந்தைக் கூட்டத்தில் யாரையாவது தெரியாமல் இடித்துவிட்டால் ‘மாப், மாப்’ என்று வாய் தானாகச் சொல்லும். மலாய்க்காரர்கள் மன்னிப்புக்குச் சொல்கிற சொல் அது. கடைசியில் பல்லை உதட்டில் வைத்து ஊத வேண்டுமாம். எங்கள் வாயில் மாப் என்றுதான் வரும்.

ஆனால் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குள், அந்த வரிசை வீடுகளுக்குள் நுழைந்ததும் இந்த இரண்டு சொல்லும் காணாமல் போய்விடுகின்றன. தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. நன்றி இருக்கிறது. கோயில் கூட்டத்தில் மைக் பிடிக்கிறவர் கடைசியாகச் சொல்வார், அதைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து சாப்பிடப் போவோம். மன்னிப்பு இருக்கிறது. அதைச் சண்டை போட்டவனை நாலு பேர் பிடித்து வைத்துக் கேட்கச் சொல்வார்கள். ஒரு தட்டுச் சோறு கொடுத்ததற்கோ, ஒரு வார்த்தை தடித்துப் பேசியதற்கோ வீட்டுக்குள் யாரும் யாருக்கும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாரியம்மனிடம் மட்டும் கேட்போம், அதையும் மன்னிப்பு என்று கேட்கமாட்டோம். ‘பொறுத்துக்க ஆத்தா’ என்போம். மற்ற நேரத்தில் இந்த வேலையை எல்லாம் எங்கள் ஆட்கள் எந்தச் சொல்லை வைத்துச் செய்கிறார்கள்? இது எனக்கு வேலையை விட்டு நின்ற பிறகு வந்த கேள்வி. சும்மா இருக்கிறவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும் என்பாள் என் மனைவி. சரிதான். கொழுந்து வெட்டுகிற காலத்தில் எனக்குக் கால் வலிதான் தோன்றியது.

இந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து கடை திறந்த அன்று நானா கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். நானா தமிழ் முஸ்லிம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில்தான் எனக்கு ரொட்டி. கல்லாவை விட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ‘மாப் சாயிர் பாத்தின்’ என்றார். வெளியே செய்ததற்கும் உள்ளுக்குள் நினைத்ததற்கும் சேர்த்து மன்னிப்பு என்று அர்த்தம். வருஷா வருஷம் சொல்கிறவர்தான். இந்த வருஷம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது, என்னிடம் அப்படி என்ன தப்பு செய்தீர்கள் என்று.

நானா கொஞ்சம் யோசித்தார். “போன மாசம் ஒரு நாள் காலையில சுட்ட ரொட்டியைச் சாயங்காலம் சூடு பண்ணி ஒங்களுக்குக் குடுத்தேன்லா. அது ஒங்களுக்குத் தெரியாது அண்ணே. அதுவும் இதுல வந்துரும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டி கொஞ்சம் சவக் சவக் என்று இருந்தது எனக்கும் நினைவிருந்தது. ஆனால் அதை விட, தப்பின் பெயரைச் சொல்லாமலே மன்னிப்புக் கேட்கலாம் என்பதுதான் எனக்குப் புதுசாக இருந்தது. கேட்கிறவரும் சொல்ல வேண்டாம், கொடுக்கிறவரும் தோண்ட வேண்டாம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

திரும்பி நடந்து வீட்டுக்கு வந்து முதலில் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். ஏதாவது தப்பாக நடந்திருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

“ரத்த டெஸ்ட்டு வந்துருச்சா? டாக்டர் என்ன சொன்னாரு?”

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னேன் என்றேன். அப்படியானால் யாரிடமாவது மாட்டிக்கொண்டீர்களா என்று கேட்டாள். எங்கள் ஆட்களிடம் காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் ஒன்று சாகப் போகிறோம், இல்லையென்றால் எதையோ மறைக்கிறோம். பிறகு நானா கதையைச் சொன்னேன். அவள் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

“என்கிட்ட ஏங்க பழகிப் பாக்கறீங்க? சொல்ல வேண்டிய ஆளு ஞாயித்துக்கிழம கிள்ளானுக்குப் போறாரு. அப்புறம் எங்க போயி சொல்வீங்க?”

அவள் சொன்னது என் கூட்டாளியை. எங்கள் லயத்திலேயே இரண்டு கதவு தள்ளி இருக்கிறவன். அவன் மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தான். இப்போது மகள் கிள்ளானுக்குக் கூட்டிப் போகிறாள். இனி மலை ஏறி வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை, அவனுக்கும் முட்டி தேய்ந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் கொழுந்து வெட்டுகிற ஒரே மெஷினைத் தூக்கியவர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். நடுவில் வில் மாதிரி வளைந்த கத்தி, பின்னால் கொழுந்து விழுகிற நீளப் பை. எஞ்சின் பக்கம் பிடிக்கிறவன் கையில்தான் வேகம். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் தூக்க வேண்டும், ஒரே நடை நடக்க வேண்டும். மேட்டில் நிற்கிறவன் குனிய வேண்டும், பள்ளத்தில் நிற்கிறவன் கையை உயர்த்த வேண்டும். புருஷன் பெண்டாட்டி கூட அப்படி நடக்க முடியாது. இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எப்படி முடிகிறதோ, நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

எஞ்சின் அவன் பக்கம். ஒரு நாள் காலையில் கத்தியில் ஒரு முற்றிய குச்சி சிக்கியது. அவன் வேகத்தைக் குறைத்தான், கத்தி நின்றது. குச்சியை எடுக்கக் கம்பு வைத்திருப்போம், ஆனால் யாரும் கம்பைத் தேடுவதில்லை, கையை விட்டுத்தான் எடுப்போம். நான் கையை உள்ளே விட்டுக்கொண்டே ‘பொறு’ என்றேன். அவன் வேகத்தைக் கூட்டினான். இடது கையில் நடு விரலும் மோதிர விரலும் மேல் கணுவோடு போய்விட்டன.

மழை பெய்து நனைந்த சரிவு அது. அவன் தலைத்துண்டை அவிழ்த்து என் கையில் சுற்றி, தலை சுற்றி நிற்க முடியாத என்னை முதுகில் போட்டுக்கொண்டு லோரி நின்ற ரோடு வரைக்கும் இறங்கினான். ஒரு இடத்தில் சறுக்கி உட்கார்ந்ததும் என்னைக் கீழே விடாமலே எழுந்ததும் நினைவிருக்கிறது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது வெளியே அவன் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவன் மெஷினைத் தொடவில்லை. கங்காணியிடம் கேட்டு பேக்டரிக்கு மாறிப் போனான். எங்கள் பேச்சு நிற்கவில்லை. கல்யாணம், சாவு, கால்பந்து, எல்லாம் பேசினோம். அந்தக் காலையை மட்டும் பேசவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் என் வலது பக்கம்தான் உட்காருவான். இடது பக்கம் இடம் காலியாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு வருவான்.

ஒரே ஆளுக்கு, ஒரே காலைக்கு, இரண்டும் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் நீ தப்பு செய்தாய் என்று சொன்னதாக ஆகிவிடும். தூக்கிக்கொண்டு ஓடினதற்கு நன்றி என்றால், எதனால் தூக்க வேண்டி வந்தது என்கிற பேச்சு வரும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கூடவே வந்தது. அதனால் இரண்டையும் தொடாமல் இருந்துவிட்டேன். இப்போது அந்தச் சுமையோடு அவன் மலை இறங்கப் போகிறானே என்றுதான் எனக்கு இருந்தது. நானாவின் சொல் இதற்குத் தோதாகப் பட்டது. அதில் தப்பின் பெயர் இல்லை, யார் செய்தது என்பதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். திரிங்காப்பில் காய்கறி ஏற்றுகிற லோரி ஒன்று சாமான்களை ஏற்றிக்கொண்டு நின்றது. மகளும் மருமகனும் பிரிஞ்சாங்கில் பசியாறப் போயிருந்தார்கள். அவன் மட்டும் காலி வீட்டில் நின்றான். நான் அவன் கையைப் பிடித்து, நானா மாதிரியே, ‘மாப்’ என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். வரும்போது கையில் தரை துடைக்கிற மாப்பும் வாளியும் இருந்தன.

“நல்ல வேளை வந்த. ஆபீஸ் கிராணியம்மா சாவி வாங்க வர்றாங்க. நீ முன் ரூம்பத் தொடச்சிரு, நான் குசினிய பாக்கறேன்.”

நான் துடைத்தேன். வேறு என்ன செய்வது? துடைத்து முடித்தபோது பனி இறங்கியிருந்தது, தரை காய்கிற மாதிரி இல்லை. கால் தடம் விழுந்துவிடும் என்று வெளியே வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். வாளியைப் போட்ட வசத்தில் அவன் என் இடது பக்கம் வந்துவிட்டான். அவன் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

“மாப்பப் பிழியறப்ப வலிக்குதா?” என்றான்.

பிழிந்தால் வலிக்காது, பனிக்குத்தான் குடையும் என்றேன். இப்போது அவனுக்குக் காது மந்தம், கேட்கவில்லை, காதை என் பக்கம் திருப்பினான். மறுபடி சத்தமாகச் சொன்னேன். அவன் தன் காதைத் தொட்டுக் காட்டி, இது இப்போது வந்ததில்லை, மெஷின் பிடிக்கிற காலத்திலேயே மந்தமாகிவிட்டது, சொன்னால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பொண்டாட்டியிடம் கூடச் சொல்லவில்லை என்றான்.

“அன்னிக்கு நீ என்ன சொன்ன?”

“பொறுன்னு சொன்னேன்.”

“எனக்குப் போடுன்னு கேட்டுச்சு யா.”

போடு என்றால் வேகத்தைக் கூட்டு என்று எங்களுக்குள் அர்த்தம். அவன் காதில் என்ன விழுந்தது என்று நான் இத்தனை காலம் யோசித்திருக்கிறேன். நான் என்ன சொன்னேன் என்று அவனும் யோசித்திருக்கிறான். தினம் பார்த்துக்கொள்கிற இரண்டு பேர். ஒரு கேள்விதான், யாரும் கேட்கவில்லை.

கோபமாக இருந்தாயா என்று கேட்டான். இருந்தேன் என்றேன். ‘ஆங்?’ என்றான். “இருந்தேன்யா, இப்ப இல்ல!” என்று கத்த வேண்டியதாகிவிட்டது. எதிர் லயத்தில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ரகசியமாகச் சொல்ல நினைத்து வந்ததை லயமே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

அந்தக் கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. வந்த நாள் தெரியும். போன நாளைத் தேடிப் பார்த்திருக்கிறேன், அகப்படவில்லை. பேரன் பிறந்தபோது அவன்தான் முதலில் வந்து தூக்கினான். அப்போது இல்லை என்பது மட்டும் நிச்சயம். பல் வலி மாதிரித்தான், நின்ற நிமிஷம் யாருக்குத் தெரிகிறது?

கத்தினது கத்தினதுதான் என்று மற்றதையும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு இறங்கினாயே, முதுகு என்ன ஆனது என்றேன். நன்றி என்கிற சொல் அப்போதும் வரவில்லை. இதுதான் வந்தது.

“முதுகா?” என்று சிரித்தான். “நீ அப்ப ஒல்லி. கொழுந்துப் பை தூக்கற மாதிரிதான் இருந்துச்சு.”

கிராணியம்மா வந்தார், தரையைப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டார். மகளும் மருமகனும் வந்தார்கள். அவன் லோரியில் முன்னால் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, போனில் கூப்பிட்டால் கத்திப் பேசு என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்றாள்.

“நான் அப்ப ஒல்லியா இருந்தேனாம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரு, நீங்களா? கல்யாணத்துல இருந்து இதே ஒடம்புதான்.”