ஐந்து நிமிடக் கெடு

கொர்னெலின் பை மூன்று நாளாக நடையில் தயாராக நின்றது. இரண்டு கம்பளிச் சட்டை, ஆறு ஜோடி காலுறை, நாளிதழில் சுற்றிய உப்புப் பன்றிக்கொழுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே மடிப்புக் கலையாமல் அவனுடைய ஒரே நல்ல சட்டை. கட்டியவள் அக்கா சவெத்தா. வியாழக்கிழமை விடியலில் அவர்கள் ஊரான பர்லாதிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்படும் வேனில் அவனுக்கு இடம் சொல்லியாகிவிட்டது. அங்கே கட்டடத்தில் கல் சுமக்கும் வேலை. போனவர்கள் யாரும் சீக்கிரம் திரும்பியதில்லை.

இப்போது அந்தப் பையைப் பற்றிப் பேசும்போது சவெத்தா சிரிக்கிறாள். அன்றைக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை, நடைப் பக்கம் பார்க்காமலே நடந்தாள். மதியம் இரண்டு மணிக்கு யாஷ் நகரத்து நிறுவனம் ஒன்றிலிருந்து போன் வரும். போனிலேயே தேர்வு. தேறினால் வேலை, பையைப் பிரித்துவிடலாம்.

கொர்னெலுக்கு இருபத்து மூன்று வயது. தொழிற்பள்ளிப் படிப்பு. ஆனால் அவர்கள் குடியிருக்கும் ஒன்பதாம் பிளாக்கிலிருந்து பதினான்காம் பிளாக் வரை மொட்டைமாடிகளுக்கு இடையே கேபிள் இழுத்து, முப்பத்தெட்டு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுத்திருந்தவன் அவன்தான். அந்த வலைக்கெல்லாம் நடுநாயகமான பழைய கம்ப்யூட்டர் பதினான்காம் பிளாக்கின் உச்சியில், துணி உலர்த்தும் அறையில் இருந்தது. கொர்னெல் தன் அறையில் உட்கார்ந்தபடியே கறுப்புத் திரையில் எழுத்துக்களை அடித்து அதை மேய்த்துவந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டை இங்கிருந்தே அணைத்துவிட்டுத் திரும்பப் போடப் பார்த்தான். அணைந்தது. திரும்பப் போடச் சொல்லும் கட்டளையும் அதே கார்டு வழியாகத்தானே போக வேண்டும்? ஏறி நின்ற கிளையையே வெட்டிக்கொண்ட கதை. ஓடிப் போய்ப் பொத்தானை அழுத்தலாமென்றால், உலர்த்தும் அறைச் சாவி அந்த பிளாக்கைப் பார்த்துக்கொள்ளும் ஓர்தான்சா அம்மாவிடம். அந்த அம்மாளோ திராட்சை பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தாள், சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு. மூன்று நாள் முப்பத்தெட்டு வீட்டிலும் இன்டர்நெட் இல்லை.

"கொர்னெல் தம்பி, கேபிள் சும்மாதானே தொங்குது? துணியாவது காயப்போட்டுக்கட்டுமா?" என்று பால்கனிக்குப் பால்கனி கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். கார்டில் கை வைக்கும் முன்னால், ‘ஐந்து நிமிடம் கழித்து நீயே அணைந்து எழுந்துகொள்’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுவான். அப்புறம்தான் எதையும் மாற்றுவான். மாற்றியது சரியாக வந்தால் அந்தக் கெடுவை ரத்து செய்வான். தப்பானால் ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் பழைய முகவரி எண்ணோடு தானே எழுந்து வரும். சரிபார்க்கும் வரை எதையும் கோப்பில் நிரந்தரமாக எழுதமாட்டான்.

சவெத்தாவுக்கு இது சட்டென்று புரிந்தது. எட்டாவது வரை படித்தவள். தையல் ஆலையில் காலர் சோதிப்பது அவள் வேலை. சென்டிமீட்டருக்கு நாலு தையல் இருக்கிறதா என்று கண்ணாலேயே எண்ணிவிடுவாள். "இழை ஓட்டிப் பாக்குறே. சரியா இருந்தா மெஷின்ல அடிக்கிறே. அவ்வளவுதானே?" என்றாள்.

"அவ்வளவுதான்க்கா. இதுக்கு நான் நாலு பக்கம் படிச்சேன்."

இரண்டு மணிக்கு போன் அடித்தது. இன்ஜினியர் புச்சூர் என்று ஒருவர். எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"இங்க ஒரு மெஷின் இருக்கு தம்பி. உள்ள வர்ற வழி உங்களுக்கு அனுப்பியாச்சு. அதோட நெட்வொர்க் கார்டுக்குப் புது எண் கொடுக்கணும். கொடுத்துட்டு அந்தப் புது எண்ணுலயே உள்ள வந்து காட்டணும். நான் எழுந்து மெஷின் ரூமுக்குப் போக வேண்டி வந்தா, தேர்வு அதோட முடிஞ்சுது. சரியா?"

"சரி சார்."

புது எண்ணை அவர் சொல்லச் சொல்ல சவெத்தா ஒரு தாளில் எழுதினாள்: பத்து, இருபது, பதினேழு, ஐந்து. தாளை விளக்கடியில் வைத்துவிட்டுத் தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கொர்னெல் முதலில் கார்டின் பழைய எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். பிறகு புது எண்ணை அடித்தான். திரை உறைந்தது. அது எதிர்பார்த்ததுதான், எண் மாறியதும் பழைய தொடர்பு அறுந்துவிடும். புது எண்ணில் உள்ளே போகப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி முயன்றான். அவன் காது மடல் சிவந்தது.

"என்ன தம்பி, வெளிய நின்னுட்டீங்களா?"

"ஆமா சார்."

"நான் எழுந்துக்கட்டுமா?"

"வேணாம் சார். உட்காருங்க. அதுவே எழுந்துக்கும்."

மறுமுனையில் மெல்லுவது நின்றது. "அதுவேவா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க."

"டேய், அந்தக் கெடுவைப் போட்டியாடா?" என்று சவெத்தா கிசுகிசுத்தாள்.

"போட்டேன்னுதான் நினைக்கிறேன். கை தானாப் போடும்க்கா. போட்டிருப்பேன்."

அந்த ‘இருப்பேன்’ அவளுக்குப் போதவில்லை. திரையில் எழுதியிருந்ததை அடியிலிருந்து மேலே, காலரைச் சோதிப்பது போல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போனாள். தாளைப் பார்த்தாள். திரும்பத் திரையைப் பார்த்தாள்.

"இங்க பதினேழு. நீ எழுபத்தொண்ணு அடிச்சிருக்கே."

கொர்னெல் நெற்றியில் அறைந்துகொண்டான். தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் திருத்தக் கை எட்டாது. அந்த எண்ணுக்கு இங்கிருந்து பாதையே இல்லை.

"மேல பாரு," என்று சவெத்தா விரலை வைத்தாள். எண்ணை அடித்த வரிக்கு மேல் வரியில் கெடு இருந்தது. ஐந்து என்று தெளிவாக. அவள் மூச்சுவிட்டாள்.

கொர்னெல் பழைய எண்ணை வினாடிக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும்படி விட்டான். பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிகள் இறங்கின. ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறும் ஆயிற்று.

"தம்பி, எனக்குக் கால் மரத்துப் போச்சு. எழுந்து நடந்தா நல்லா இருக்கும்."

"பழைய மெஷினா சார்?"

"என் பையனை விட மூத்தது."

"அப்ப டிஸ்க்கைச் சோதிச்சுட்டுத்தான் எழுந்துக்கும். இன்னும் கொஞ்சம் உட்காருங்க."

சவெத்தா பீன்ஸ் சூப் கொதித்த அடுப்பை அணைக்கப் போனாள். போகும்போது பை காலில் இடித்தது. அதை நகர்த்தவும் மனம் வரவில்லை, அப்படியே சுற்றிப் போனாள். திரும்பி வருவதற்குள் கொர்னெல் நாற்காலியில் நிமிர்ந்திருந்தான். திரையில் பதில் வந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, வரிசையாக, சீரான தையல் போல.

அவன் உள்ளே போனான். கெடுவை மறுபடி வைத்தான். இந்தத் தடவை சவெத்தா எண்ணை உரக்கப் படிக்க, அவன் அடித்தான். திரை உறைந்தது. புது எண்ணில் கதவு திறந்தது. கெடுவை ரத்து செய்து, எண்ணைக் கோப்பில் எழுதிவைத்தான்.

"உள்ள இருக்கேன் சார்."

"பாக்கிறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் தம்பி. நாலு பேருக்கு நான் எழுந்து போனேன். தப்பே பண்ணாதவங்க ரெண்டு பேர். தப்பு பண்ணியும் என்னை எழுப்பாதது நீங்க ஒருத்தர்தான். இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"சாவி ஒரு அம்மாகிட்ட இருந்துச்சு சார். அவங்க தோட்டத்துக்குப் போயிட்டாங்க."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் நெடுநேரம் கேட்டது. "திங்கட்கிழமை எட்டரைக்கு வந்துடுங்க. சாவியெல்லாம் இங்க சுவத்துலதான் தொங்குது."

கொர்னெல் போனை வைத்தான். சவெத்தா நடைக்குப் போய் வேன்காரனுக்கு போன் செய்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்து பையின் ஜிப்பை இழுத்தாள்.

"டேய், இந்தச் சட்டை காலர் கசங்கிப் போச்சு."

"திங்கட்கிழமைதானேக்கா. அதுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."

"இருக்கட்டும்," என்று அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடு வைத்தாள்.