துண்டுக்கு அடியில்

என் நைனா என்னைப் பேய்க்கு விலைபேசுகிறார் என்று நம்பியவன் நான். இன்று திருப்பதி பஸ் ஸ்டாண்டில் யாரோ பிரித்த வெல்லப் பொட்டலத்தின் வாசம் மூக்கில் ஏறியதும், ஐம்பது வயதிலும் ஓர் எட்டு தள்ளித்தான் நின்றேன்.

சித்தூரில் நைனாவின் வெல்ல மண்டியில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுத்தான் பேரம். வண்டிகள் போய், ஈக்களும் பிசுக்கும் மட்டும் மிஞ்சும் மதியங்களில் நைனா தனியே உட்கார்ந்திருப்பார்; எதிரே யாருமில்லை, ஆனாலும் மடியில் போட்ட துண்டுக்கு அடியில் இரண்டு கை விரல்களும் ஓடிக்கொண்டேயிருக்கும். "உன்ன வித்தாலும் எவனும் வாங்கமாட்டான்" என்று ஒருநாள் காலையில் அம்மா சின்னப் பையனான என்னைத் திட்டியிருந்தாள். அன்று மதியம் பார்த்தால், வாங்கப் பேய் ஒன்று கிடைத்துவிட்டது போல!

"நைனா, என்ன வித்துடாத!" என்று அலறினேன்.

"உன்ன எவன்டா வாங்குவான்? வாசிச்சிக்கினு கீறேன், கம்முனு குந்து."

மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நைனா கச்சேரிகளில் புல்லாங்குழல் வாசித்தவர். மண்டியில் ஊதினால், இவனுக்கு வியாபாரத்தில் புத்தியில்லை என்று விவசாயிகள் அடுத்த மண்டிக்குப் போய்விடுவார்கள். அதனால் தினமும் குழலில்லாமல் விரலால் மட்டும் வாசித்தார். பக்கத்திலேயே குந்தியிருந்த எனக்கு ஒரு ஸ்வரமும் கேட்கவில்லை.